கூப்பாடு அண்ணாச்சி கடை

பாறசாலைப் பக்கத்தில் ஒரு மனிதன் கால் படி உப்பைக்கூட ஊருக்குத் தெரியாமல் வாங்க முடியாதபடி செய்த ஒரே ஆள் கூப்பாடு அண்ணாச்சிதான். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

அவருடைய பலசரக்குக் கடை எங்கள் வீட்டுக்கு எதிரே, சந்தியிலிருந்து ஒரு வளைவு உள்ளே தள்ளி இருந்தது. சந்தியில் பெரிய பெரிய கடைகள். அவற்றைத் தாண்டி இந்த முடுக்குக்குள் எவன் வருவான்? அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். யார் எதை வாங்கினாலும் பொட்டலத்தை உடனே கொடுக்க மாட்டார். வாசலில் வந்து நின்று, மார்பு நிறைய மூச்சை இழுத்து, வாங்கியவர் பெயரையும் சாமானையும் கூவுவார். தமிழில் ஒரு தடவை, மலையாளத்தில் ஒரு தடவை. அதன்பிறகுதான் பொட்டலம் கைக்கு வரும்.

அடுத்த வீட்டுக்குப் பெண் பார்க்க ஒரு கூட்டம் வந்திறங்கிய அன்று பாருங்கள். பெண்ணின் அம்மா புழக்கடை வழியாக ஓடிவந்து சாமான் வாங்கினாள். அண்ணாச்சி விட்டாரா?

"பொண்ணு பாக்க வந்தவியளுக்கு அவியல் வைக்க முருங்கைக்கா ஒண்ணு! ஒண்ணே ஒண்ணு!"

வந்தவர்கள் காப்பியோடு எழுந்துவிட்டார்கள்.

நான் தனுவச்சபுரத்தில் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. முடுக்கு முனையில் மாணவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் நிற்கிற நேரம் பார்த்து, "வாத்தியாருக்கு மொகத்துல பூச பவுடர்! இந்த மாசம் ரெண்டாமத்த டப்பா!" என்று போட்டார். பஸ்ஸே சிரித்தது.

"அண்ணாச்சி, உங்களுக்கு மனசாட்சி உண்டா?" என்று சண்டைக்குப் போனேன்.

"கோவப்படாதியும் வாத்தியாரே. ஆளு கேறுத கடைண்ணு தெரிஞ்சாத்தானே ஆளு கேறும்? நம்ம கடையில பவுடர் உண்டுண்ணு பஸ்ஸு முழுக்க தெரிஞ்சுபோச்சுல்லா?"

எரிச்சல் என்னவென்றால், மறுநாளே என் மாணவர்கள் இரண்டு பேர் அங்கே பவுடர் வாங்கினார்கள். கோபித்துக்கொண்டு சந்திக் கடைக்குப் போனாலும் தப்ப முடியாது. "வாத்தியாரு சந்தியில புளி வாங்கிட்டு வாறாரு! புழு இல்லாம பாத்து வாங்கினாரா, கேளுங்க!" என்று அதையும் கூவுவார்.

அது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். எங்களூர் தமிழோடு போகுமா, மலையாளத்தோடு இருக்குமா என்று வீட்டுக்கு வீடு வாக்குவாதம். விளவங்கோட்டில் தமிழ்ப் பக்கத்தார் நடத்திய ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, முன்வரிசையில் கொடி பிடித்த என் அத்தான் அங்கிருந்து ஓடி, பேறுகாலத்துக்கு வந்திருந்த என் அக்காளைத் தேடி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பரணில் ஏற்றி ஒளித்துவைத்தோம். பிடிபட்டால் எலும்பை எண்ணிவிடுவார்கள். அக்காள் சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் முடுக்குக்குள் ஒரு போலீஸ்காரர் வந்தார். வந்தவர் அண்ணாச்சி கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உட்காராமல்? எந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது இருந்த இடத்திலேயே காதில் விழுகிறதே!

பரணில் இருந்த அத்தானுக்கோ பீடி இல்லாமல் உயிர் நிற்கவில்லை. இல்லையென்றால் தானே இறங்கிப் போய் வாங்குவேன் என்கிறார். என் அப்பா சபை உபதேசியார். பீடி நரகத்தின் வாசல் என்று வாராவாரம் பிரசங்கம் செய்கிறவர். எங்கள் வீட்டில் பீடி வாங்கினால் உள்ளே வேறு ஆள் இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும்.

வேறு வழியில்லாமல் நான் போனேன். அரிசியும் கருவாடும் கேட்டுவிட்டு, கல்லாப்பெட்டிமேல் குனிந்து பீடிக்கட்டை விரலால் காட்டினேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பீடிக்கட்டு அரிசிக்குள் போனது. அப்பாடா என்று கையை நீட்டினேன். மனிதர் பொட்டலத்தோடு வாசலுக்கு நடக்கிறார்! மூச்சை இழுக்கிறார்!

"உபதேசியார் வீட்டுக்குச் சொறிக்குப் போட கந்தகம்! வாத்தியாருக்குச் சொறி! அப்பனுக்கும் சொறி! வீடு முழுக்கச் சொறியாக்கும்! ஆரும் படியேறண்டாம்!"

பிறகு அதையே மலையாளத்தில். போலீஸ்காரர் நான் நின்ற பக்கத்திலிருந்து காலை இழுத்துக்கொண்டார். அந்த வாரம் முடுக்கில் எல்லா வீட்டிலும் சோதனை நடந்தது. எங்கள் வாசலில் மட்டும், "அய்யோ, அவிடெ சொறியா" என்று முற்றத்தோடு திரும்பிவிட்டார்கள்.

"பொய் சொன்னதுக்கு ஜெபம் பண்ணண்டாமாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நாம சொல்லல்லியே" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. எனக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டிலிருந்து, சொறி ஆறட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணாச்சி கடையில் கந்தகம் விற்றுத் தீர்ந்தது.

ஒரு கொட்டுமழையில் மரச்சீனிக் கிழங்குக் கம்புக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, கூலியாள் போல அத்தான் வெளியேறினார். ஆரல்வாய்மொழி தாண்டி, இந்தப் போலீஸ் வராத பக்கம் போய்விட்டார் என்று சேதி வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது. கல்யாணத்தைக் கெடுத்த மனிதரை நாலு கேள்வி கேட்டே தீருவது என்று எதிரே போனேன்.

அண்ணாச்சி இரண்டு பக்கமும் பார்த்தார். பெஞ்சு காலியாக இருந்தது. பெட்டிமேல் குனிந்து, எனக்கே கேட்டும் கேட்காத குரலில் கேட்டார்: "மக்கா, அந்தப் பிள்ள பத்திரமா போய்ச் சேந்தாச்சா?"

அவருக்கு மெல்லப் பேசத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நானும் குனிந்தேன்.

"சேந்தாச்சு அண்ணாச்சி" என்றேன்.

"அக்காளைச் சாப்பிடச் சொல்லு" என்றார்.

திரும்பிப் படியிறங்கினேன். முதுகுக்குப் பின்னால் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

"வாத்தியாரு ஒண்ணும் வாங்கல்ல! சும்மா பாக்க வந்தாராக்கும்!"

கத்தட்டும், மனிதர் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் போனேன்.