யோகேஸ்வரியின் அறைக்கு வரும் சூடு

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மருமகன் பிரசாந்துக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நீரும் நிஷாந்தினியும் பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிரில் சுகமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர். தொலைபேசியில் கதைத்தால் உமது மாமி யோகேஸ்வரிக்குக் கேட்கும். மாமியின் அறையில் வேறு எதற்கும் கேட்டுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

தைரொய்ட் ஒப்பரேஷனுக்குப் பிறகு மாமிக்கு எந்நேரமும் குளிர் என்பது உமக்குத் தெரியும். ஊரே வியர்த்து வழிய, இவள் கம்பளிச் சட்டையோடு போர்வைக்குள் கிடந்தாள். காலி வீதியில் கடை கடையாக ஹீட்டர் கேட்டு அலைந்தேன். ஒருவன், "குளிக்கிறதுக்கா அங்கிள்?" என்றான். "இல்லைத் தம்பி, அறையைச் சூடாக்க" என்றேன். எனக்கு வெயில் பட்டுவிட்டதென்று நினைத்து, கதிரை போட்டு, தண்ணீர் தந்து, மின்விசிறியையும் என் பக்கம் திருப்பிவிட்டான். அந்த நேரத்தில்தான் நீர் லீவில் வந்து, பின்னறையில் இரவு பகலாக ஓடும் உமது கொம்பனிக் கணினிகளை அடுக்கி, சுவரைத் துளைத்து, அவை கக்கும் சூட்டைக் குழாய் வழியாக மாமியின் அறைக்கு விட்டீர். "வீணாப் போற சூடுதானே மாமா" என்றீர். பின்னறைக்கு வெளிப்படிக்கட்டால்தான் வழி. தூசு போகக்கூடாதென்று பூட்டி, திறப்பை உமது நண்பர் றொஹானிடம் கொடுத்துவிட்டுப் போனீர்.

முதலில் சொர்க்கம்தான். மாமி கம்பளியைக் கழற்றினாள், எழும்பி நடந்தாள், புட்டும் அவித்தாள். என்னை நானா என்று அண்ணன் முறை சொல்லும் கீழ்வீட்டுப் பலீலா மழைக்குக் காயாத உடுப்பையெல்லாம் வாளியில் கொண்டுவந்து மாமியின் அறையில் விரித்தா. பிறகுதான் மாமி அறையை விட்டு வெளியே வருவது குறைந்தது. கட்டிலருகே இருக்கும் கதிரையில் நான் உட்காரப் போனால், அதில் யாரோ இருந்து எழும்பிய மாதிரிச் சூடு. ஒருநாள் உள்ளே மெல்லிய பேச்சுக் கேட்டது.

"ஆரோடை கதைக்கிறீர்?" என்றேன்.

"நான் கதைக்கேல்லை. கேட்டுக்கொண்டு இருக்கிறன்" என்றாள்.

போன புதன்கிழமை பின்னேரம் கரண்ட் நின்றது. தெருவே ஓய்ந்துவிட்டது. பலீலா உடுப்புக் காயப்போட்டபடி திடீரென்று நின்றா. "நானா, கரண்ட் இல்லியே. இந்தக் காத்து எங்கால வருது?" என்று கேட்டா. குழாயின் வாயில் கை வைத்தேன். சூடான காற்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. நித்திரை கொள்ளும் ஒருவரின் மூக்கருகே கை வைத்தது போல இருந்தது. பலீலா ஈர உடுப்புகளை அள்ளிக்கொண்டு இறங்கியவதான். எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன அவவின் மகனின் பள்ளிக்கூடக் காற்சட்டையைக் கேட்கக்கூட இன்னும் வரவில்லை.

நான் உடனே இடுப்பில் கட்டும் பழைய சாரம் ஒன்றைச் சுருட்டிக் குழாயை இறுக அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மாமியின் உதடு நீலம் பாரித்தது. பல் கிட்டும் நடுக்கத்திலும் என் கையைப் பிடித்து, "இஞ்சாருங்கோ, அதை எடுங்கோ. அவருக்கு மூச்சு முட்டும்" என்றாள்.

"எவருக்கு?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சாரத்தை இழுத்து எடுத்தேன். வேறென்ன செய்ய? அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே மருமகன், றொஹானுக்குச் சொல்லி அந்தக் கணினிகளை உடனே கொண்டுபோகச் செய்யும். அங்கேயிருந்து சாதாரண ஹீட்டர் ஒன்று, காற்று மட்டும் ஊதுகிறதாகப் பார்த்து, அனுப்பிவையும். மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். காது மூடித் தொப்பி போடச் சொல்லும்.

இப்படிக்கு,
மாமா சுந்தரலிங்கம்

பி.கு: உறையை ஒட்டப் போகையில் றொஹான் தற்செயலாக வந்தார். இயந்திரங்களை எடுக்கும்படி நானே கேட்டேன். "அங்கிள், அதெல்லாம் போன மாதமே கொண்டுபோயிட்டனே! நீங்கள் ரெண்டு பேரும் அப்ப கிளினிக்குக்குப் போயிருந்தனீங்கள். பிரசாந் சொல்லேல்லையோ?" என்றார். என்னை நம்பவைக்கப் பின்னறையைத் திறந்தும் காட்டினார். வெறும் தரை. குழாயின் மற்ற நுனி அதன்மேல் கிடந்தது. றொஹான் குனிந்து அதைத் தொட்டார். தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். நான் மாமியின் அறைக்கு வந்தேன். அவள் போர்வை இல்லாமல், கன்னம் சிவந்து, நல்ல நித்திரை. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடும். ஹீட்டர் வேண்டாம். பார்க்கவென்றும் ஆரையும் அனுப்பவேண்டாம். அவருக்குப் பிடிக்காமல் போகலாம்.