எட்டுச் சிப்புகளின் காலை ஒடித்தேன்

சோதிக்கிறவன் முதலில் சோதிக்க வேண்டியது தன் கருவியைத்தான். இந்த ஞானம் எனக்கு வந்தபோது எட்டு அப்பாவிகள் காலொடிந்து கிடந்தார்கள்.

இரண்டாயிரத்தின் பிற்பகுதி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் வாளி வார்க்கும் கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். கிழட்டு மோல்டிங் மெஷின் ஒன்று படுத்துவிட்டது. அதன் கன்ட்ரோல் போர்டில் எட்டு மெமரி சிப்புகள். கடையில் கிடைக்காத பழைய ரகம். ஸ்டோரில் புதிதாக இருந்தது ஒன்றே ஒன்று. எட்டில் எது கெட்டது என்று கண்டுபிடித்தால் பிழைத்தோம். இல்லையேல் மெஷின் காயலான் கடைக்கு, அதை ஓட்டும் புதுவாயல் ஜெயந்தி பெயிண்ட் பிரிவுக்கு. பெயிண்ட் வாசனை பட்டாலே அவருக்கு மூச்சு இழுக்கும்.

"நானிருக்கேன்" என்றேன். (வாழ்க்கையில் என்னை அதிகம் கவிழ்த்த சொல் இதுதான்.)

பொழுதுபோக்குக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதாவது குட்டிக் கம்ப்யூட்டர், வாங்கி வைத்திருந்தேன். அதையே சிப் சோதிக்கும் கருவியாக்கினேன். சிப்பின் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றோ பூஜ்யமோ எழுதி, திரும்பப் படிக்கும். எழுதியதே வந்தால் பச்சை விளக்கு, மாறினால் சிவப்பு. அன்று பார்த்து ஆயுத பூஜை. லேத்துக்கும் ஸ்பானருக்கும் பொட்டு வைத்த கை என் சொந்த ஆயுதத்தை விடுமா? சிப் செருகும் சாக்கெட்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பினேன்.

முதல் சிப் சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. எட்டும் சிவப்பு!

செத்த பாகம் நல்லதோடு கலந்துவிடக் கூடாது என்பது எங்கள் கம்பெனி வழக்கம். எனவே ஒவ்வொன்றுக்கும் குறடால் ஒரு கம்பிக்காலை ஒடித்தேன்.

"எட்டுமா பூட்ச்சி? இன்னா சார், எல்லாம் ஒரே வேன்ல போய்க்கினு இருந்திச்சா?" என்றார் ஜெயந்தி.

"வயசாயிடுச்சும்மா" என்றேன், பெரிய டாக்டர் தோரணையில்.

மேனேஜர் காயலான் கடைக்குப் போன் போடக் கிளம்பினார். "ஒரு நிமிஷம் சார், நல்ல சிப் எப்படிப் பச்சை காட்டும்னு பாருங்க" என்று புதியதைச் செருகினேன்.

சிவப்பு.

பழக்க தோஷம், குறடு அதன் காலுக்கும் போய்விட்டது. ஜெயந்தி பாய்ந்து குறட்டைப் பிடுங்கினார்.

"அத்த உடு சார்! இப்பத்தான டப்பாவ ஒடைச்ச, அதுக்குள்ளயா செத்துப்பூடும்?"

குனிந்து பார்த்தேன். ஈரச் சந்தனம் வழிந்து, சாக்கெட்டின் அக்கம்பக்கத்துத் துளைகளுக்கிடையே மின்சாரக் கள்ள உறவு ஏற்படுத்தியிருந்தது. துடைத்துக் காயவைத்து, புதியதை மறுபடி செருகினேன். பச்சை!

பிறகென்ன, ஒடித்த கால்களுக்கெல்லாம் மெல்லிய கம்பியில் பொய்க்கால் பற்றவைத்து மறுபடி சோதித்தேன். ஏழு உத்தமர்கள், ஒருவன்தான் குற்றவாளி. அவனிடத்தில் புதியதைப் போட்டதும் மெஷின் நொண்டாமல் ஓடியது. ஜெயந்தி இடம் மாறவில்லை. ஆனால் என் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர், மொத்தக் கதையையும் என் மனைவிக்கு நடித்தே காட்டிவிட்டார்.

அன்றிலிருந்து மிக்ஸி, டி.வி., உறவுக்காரர் என எதைப் பற்றியும் என்னால் நிம்மதியாகத் தீர்ப்புச் சொல்ல முடிவதில்லை. போன வாரம் மகள் அழைத்து வந்த பையனை ஏற இறங்கப் பார்த்து, "தேற மாட்டான்" என்றேன்.

என் மனைவி ஈரத்துணியை நீட்டினார்.

"மொதல்ல மூஞ்சியத் தொடச்சிக்கினு வந்து இன்னொருவாட்டி பாருங்க."