பத்துப் பொருத்தமும் ஒரு கட்சிப் பொருத்தமும்

இருபத்திரண்டு வயதில் நான் பெரிய அறிவாளி. ஊரில் அப்படி நினைத்தது நான் ஒருத்திதான் என்பது வேறு விஷயம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. ரமணாசிரமம் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே வந்த வெளிநாட்டு அம்மாள் ஒருவர், தன் நாட்டுத் தேர்தலுக்காக இணையத்தில் வரிசையாகக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அவர் கருத்து எந்தக் கட்சியோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று கடைசியில் முடிவு வந்தது. எனக்கு ஆசை தாங்கவில்லை. நம்மூருக்கும் தமிழில் ஒன்று செய்து, இலவச இணையப் பக்கம் ஒன்றில் ஏற்றிவிட்டேன். இரண்டு பெரிய கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளைப் படித்து எடுத்த இருபது கேள்விகள். (இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே பத்து நாளானது. எழுதியவர்களாவது அவற்றை முழுதாகப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்.)

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை செங்கம் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம், கணக்கு வாத்தியார். ஏற்கெனவே ஒருமுறை கோயிலில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன், பிடித்துவிட்டது. இந்த இடம் தட்டிப்போய்விடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. அவருடைய அப்பா முப்பது வருடமாக ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்பதை வேட்டிக் கரையே சொல்லிவிடும்.

வேங்கிக்காலில் எங்கள் வீடு. சொஜ்ஜி, பஜ்ஜி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணுக்குப் பாட வருமா?" என்று கேட்டார்.

கலெக்டர் ஆபீஸ் கிளார்க்கான என் அப்பா முந்திக்கொண்டார். "பாட்டு வராதுங்க. கம்ப்யூட்டர்ல எது கேட்டாலும் பண்ணுவா."

"எங்க, ஒண்ணு பண்ணிக் காட்டும்மா" என்றார் கிளைச் செயலாளர்.

ரயில் நேரம் காட்டியிருக்கலாம். எங்கள் ஊர் மலையின் படம் காட்டியிருக்கலாம். நான் கூடத்து மூலையில் டெலிபோன் இணைப்போடு இருந்த என் பழைய கம்ப்யூட்டர் முன்னால் அவரையே உட்காரவைத்து, என் இருபது கேள்விகளையும் கேட்டேன்.

கேள்விகளில் கட்சிப் பெயர் இல்லை. அதனால் மனுஷன் மனசைத் திறந்துவிட்டார். "இலவசம் இன்னாத்துக்கும்மா? கரண்ட்ட ஒழுங்கா குடுத்தா போதும்" என்றார். "ஏரியத் தூர் வாரினா ஜாஸ்தி புண்ணியம்" என்றார். நான் தட்டிக்கொண்டே வந்தேன்.

முடிவு வந்தது. பரீட்சை ரிசல்ட் படிப்பதுபோல உரக்கப் படித்தேன். அவர் முப்பது வருடமாக எதிர்த்து வந்த கட்சிக்கு எண்பத்தைந்து சதவீதம். சொந்தக் கட்சிக்குப் பதினைந்து.

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் கவர்மென்ட் ஆளுங்க, எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார், யாரும் கேட்காமலே. மாப்பிள்ளை குனிந்து தன் செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். "முப்பது வருஷமா வூட்ல ஒக்காந்து சொந்தக் கட்சியத்தான் திட்டுவாரு. அது இந்தப் பொட்டிக்கு எப்டிம்மா தெரிஞ்சுது?"

கிளைச் செயலாளர் எழுந்து போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"இங்க இருக்கிறவங்களுக்கு மட்டுந்தாங்க" என்றேன்.

"இந்த விஷயம் குடும்பத்த விட்டு வெளிய போவக் கூடாது."

"போவாதுங்க" என்றார் அப்பா அவசரமாக.

"நீங்க இன்னும் குடும்பம் ஆவலியே" என்றார் அவர். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "தட்ட மாத்திக்கலாம். வர்ற முகூர்த்தத்துலயே முடிச்சுடலாம்" என்றார்.

ஜாதகம் பிறகுதான் பார்த்தார்கள். பத்துக்கு ஆறு பொருந்தியது, போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இன்றைக்கும் தேர்தல் தோறும் மாமனார் கரை வேட்டியோடு போய், விரலில் மையோடு திரும்பி வருவார். "எண்பத்தஞ்சா, பதினஞ்சா?" என்று மாமியார் வாசலிலேயே மடக்குவார். "மருமவளக் கேளு" என்பார் அவர். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் வாயே திறப்பதில்லை. அதற்காகத்தானே என்னைக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.