ஒழுகிய டிராக்டரும் விபூதி அண்ணனும்

கிள்ளான் பள்ளத்தாக்கைச் சல்லடை போட்டுத் தேடினாலும், விபூதியை நெற்றியில் பூசாமல் என்ஜினில் மட்டும் பூசுகிற மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவருடைய வேலையை நான் ஒரு பொய் சொல்லிப் பறித்தேன். வயது, சூழ்நிலை என்று சாக்குச் சொல்லப் போவதில்லை. அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. அதற்கு முன் முப்பது வருடம், உண்மை பேசுங்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன்.

ஓய்வு பெற்றபின் மேரு என்ற ஊரில் ஒரு டிராக்டர் கடையில் சேர்ந்தேன். கடிதம் எழுதுவதும் வாடிக்கையாளர்களைச் சமாளிப்பதும் என் வேலை. அங்கே தலைமை மெக்கானிக் அவர். அவருடைய பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டுமே தெரியும். என்னைவிடப் பத்து வயது இளையவர் என்றாலும் எனக்கும் அவர் விபூதி அண்ணன்தான்.

எந்த வண்டியில் எண்ணெய் கசிந்தாலும் அவருடைய வைத்தியம் ஒன்றுதான். என்ஜினைச் சொட்டு ஈரமில்லாமல் துடைப்பார். பிஸ்கட் டின்னிலிருந்து விபூதியை அள்ளித் தூவுவார். பிறகு என்ஜினை ஓடவிட்டுக் கைகட்டி நிற்பார். வெள்ளைப் பொடி எந்த இடத்தில் முதலில் கறுக்கிறதோ, அங்கேதான் ஓட்டை.

"சொட்டுற எடத்த பாக்காதீங்க லா. எங்கருந்து எறங்குதுன்னு பாருங்க" என்பார்.

"சாமி விபூதிய இப்படிப் பண்ணலாமா அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பவுடர் வாங்கிக் குடுங்கன்னு பாஸ்கிட்ட கேட்டேன், குடுக்கல. கோயில்ல சும்மா குடுக்குறாங்க."

"நெத்தியிலயும் கொஞ்சம் வைக்கலாமே?"

"என் நெத்தி ஒழுகலையே சார்!"

வெள்ளை வெளேரென்று நின்ற என்ஜினைப் பார்த்து ஒரு வாடிக்கையாளர் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கும்புடாதீங்க பாஸ், கேஸ்கெட் போயிருச்சு" என்றார் அண்ணன்.

அந்தச் சமயத்தில் கீரைத் தோட்டம் வைத்திருந்த ஓர் அக்கா புத்தம் புதிய குட்டி டிராக்டர் ஒன்றை வாங்கினார். வண்டியைச் சரிபார்த்துக் கொடுத்தவர் அண்ணன். பூசை போட்டவன் நான். எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கம்பியை வண்டியின் முகப்பில் தொங்கவிட்டேன். போட்டோ எடுக்க வந்த எங்கள் இளம் முதலாளி, "சார், லோகோவ மறைக்குது, எடுத்துருங்க" என்றார்.

"கழட்டக்கூடாது சார், கண்ணு பட்டுரும்!" என்றார் அக்கா.

இரண்டு பேரையும் திருப்திப்படுத்த எனக்கு ஒரு யோசனை தோன்றியது. என்ஜின் மூடியைத் திறந்து, கைக்கு எட்டிய மெல்லிய ரப்பர் குழாயில் அந்தக் கம்பியைச் சுற்றி முறுக்கினேன். அது டீசல் ஓடுகிற குழாய் என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை. முதலாளியிடம் எடுத்துவிட்டேன் என்றும், அக்காவிடம் உள்ளேதான் இருக்கிறது என்றும் சொன்னேன்.

பத்தாம் நாள் அக்கா போனில் கத்தினார். "பாத்தி பூரா எண்ண சொட்டுது சார்! பாசார்ல கீர வாங்குன ஆளுங்க, பொரியல்ல லோரி வாட அடிக்குதுன்னு திருப்பிக் கொண்டாந்து வீசுறாங்க!"

வண்டி கடைக்கு வந்தபோது அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். நான் மூடியைத் திறந்தேன். வண்டி அதிர அதிர, என் கம்பி குழாயை ரம்பம்போல் அறுத்திருந்தது. கம்பி, எலுமிச்சை, மிளகாய் எல்லாவற்றையும் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டேன். பிறகு முதலாளியிடம் போய், "அண்ணன் கொழாய் கிளிப்ப சரியா மாட்டல போல" என்றேன்.

அண்ணன் வந்தார். துடைத்தார், தூவினார், ஓடவிட்டார். நாங்கள் எல்லாரும் டீசல் சொட்டிய தரையைப் பார்த்தோம். அவர் மேலே அந்தக் குழாயைப் பார்த்தார். அங்கேதான் முதலில் கறுத்தது.

"கிளிப்பு நல்லாத்தான் இருக்கு. இது கம்பி அறுத்த காயம்."

"கம்பி எங்க அண்ணே?" என்றார் முதலாளி.

"அதத்தான் நானும் கேக்குறேன்."

பையில் நசுங்கிய மிளகாய் என் தொடையைக் காந்தியது.

கம்பி கிடைக்காததால் முதலாளி என்னையே நம்பினார். தவறு தன்னுடையதுதான் என்று அண்ணன் ஒப்புக்கொள்ளும் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். "ஒரு கையெழுத்துதானே அண்ணே, வேல போகாது" என்றார் முதலாளி.

"போனா போகட்டும் பாஸ். செய்யாத தப்புக்கு என் கையெழுத்து கெடைக்காது."

"கோவப்படாதீங்க லா."

"கோவம் இல்ல. கையெழுத்து போட்டா, அந்த அக்கா எங்க போனாலும், அந்தாளு என் புது வண்டிய கெடுத்துட்டான்னு சொல்லும். அப்புறம் எவன் என்கிட்ட வண்டிய குடுப்பான்?"

பிஸ்கட் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, போன வருடம்தான், எனக்குத் துணிச்சல் வந்தது. கம்போங் மேடானில் அவர் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நடந்ததைச் சொன்னேன். முதலாளிக்கு நான் அனுப்பியிருந்த ஒப்புதல் கடிதத்தின் நகலை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை.

"பாஸ் என்ன நெனச்சா எனக்கென்ன? அந்த அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏறுங்க வண்டியில."

எழுபதைத் தாண்டிய நான், மடியில் ஒரு புல்வெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, அவருடைய மோட்டார் சைக்கிளில் கூட்டரசு நெடுஞ்சாலையில் பறந்தேன். கீரைத் தோட்டத்தில், வேலையாட்கள் எல்லாரும் பார்க்க, சொன்னேன்: "கொழாய அறுத்தது நான் கட்டுன கம்பி. மறைச்சதும் நான்தான். இவர் மேல தப்பே இல்ல."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிச்ச மனுஷனாய்யா நீங்க?" பிறகு அண்ணனிடம், "ஒங்களப் பத்தி எத்தன பேருகிட்ட தப்பா சொல்லிட்டேன் அண்ணே!" என்றார்.

"தெரியும். அத்தன பேருகிட்டயும் இப்ப மாத்தி சொல்லுங்க."

அக்கா மாற்றிச் சொன்னார், அதுவும் உரக்க. அண்ணனுடைய பட்டறையில் இப்போது புல்வெட்டிகளுக்கு இடமில்லை, டிராக்டர்கள் நிற்கின்றன. முதலாளியே போன் செய்து வேலைக்குக் கூப்பிட்டார். "வரமாட்டேன் பாஸ். வண்டி ஒழுகுனா இங்க அனுப்புங்க" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமைதோறும் நான் அங்கே போய் டார்ச் பிடிக்கிறேன். "லைட்ட ஆட்டாதீங்க சார்!" என்று திட்டு வாங்குகிறேன். கிளம்பும்போது, "மன்னிச்சிட்டீங்களா அண்ணே?" என்று கேட்பேன். "இல்ல" என்பார்.

போன சனிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் அன்று ஓடவில்லை. மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஒன்பது மாடி ஏறி, மூச்சிரைக்க அண்ணன் நின்றிருந்தார்.

"இன்னும் மன்னிக்கல. அத சொல்லத்தான் வந்தேன்" என்று சொல்லி, ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பிரித்தேன். கஞ்சி இன்னும் சூடாகவே இருந்தது.