குப்பை அண்ணையும் என் இட்லி மாவும்

மனுஷர்களைவிடக் கிருமிகளுக்கு மரியாதை கொடுத்த ஒரே ஆளை நான் ஆக்லாந்தில், எங்கள் பிளாட் புஷ் பகுதியில்தான் பார்த்தேன். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர். தெரு முழுக்க அவருக்குப் பெயர் குப்பை அண்ணை. கிருமிகளை ‘பிள்ளையள்’ என்றுதான் சொல்வார்.

ஆக்லாந்துக் குளிரில் அவருடைய உரக்குவியல் மக்காமல் அப்படியே கிடந்தது. இங்கே நடுக்குளிர்காலமான ஜூலையில் ஒரு காலை வாளியோடு வந்து நின்றார்.

“தங்கச்சி, பிள்ளையள் குளிரில விறைச்சுப் போச்சுதுகள். உங்கட சுடுதண்ணி அலமாரிக்குள்ள ஒரு கிழமை வைக்கட்டோ? எங்கட புதுவீட்டில அது இல்லை. பெருகின உடனே குவியலில ஊத்திப்போடுவன், குவியல் சூடேறி மக்கும்.”

வாளிக்குள் பழைய உரமும் வெல்லத் தண்ணீரும். நாற்றமோ நாற்றம்! எங்கள் வீட்டில் கதகதப்பான இடமே வெந்நீர்த் தொட்டி இருக்கும் அந்த அலமாரி ஒன்றுதான். அங்கே வைத்தால்தான் இட்லி மாவு பொங்கும். ஆறு வருஷமாக விதையிலிருந்து வளர்த்த என் கறிவேப்பிலைச் செடிக்குக்கூட அங்கே இடமில்லை. பின்வாசலில் இலை உதிர்ந்து மொட்டையாக நின்றது. ‘செத்துப்போச்சு, தூக்கிப் போடு’ என்ற என் வீட்டுக்காரரோடு தினமும் சண்டை. அப்படியிருக்க, இந்த வாளியை உள்ளே விட்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்கத் தினமும் வாளியைக் கலக்க வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து பேர் சாப்பிட வருகிறார்கள், அலமாரியைத் திறந்தால் வாளியும் இல்லை, மாவும் இல்லை. பாத்திரம் மட்டும் கழுவிக் கவிழ்த்திருந்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

“அண்ணா! என் மாவு எங்க?”

“ஓம், என்ன மாதிரிப் பொங்கியிருந்தது! அதுக்குள்ள எத்தினை கோடிப் பிள்ளையள்! எல்லாத்தையும் குவியலில விட்டிட்டன்.”

“வர்றவங்களுக்கு உங்க குப்பையையா அவிச்சு வைப்பேன்?”

“பாணும் சம்பலும் குடுங்கோவன்.”

இட்லிக்குப் பதில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலுமாம்! அன்றோடு பேச்சை நிறுத்தினேன். பிறகு மூன்று வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால், பின்வாசலில் செடியைக் காணோம். வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். “வெறும் குச்சிதானேன்னு குப்பை அண்ணைகிட்ட குடுத்துட்டேன்.”

அட பாவிகளா! மாவைத் தின்ற குவியலுக்கு என் செடியுமா? செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

குவியலிலிருந்து ஆவி பறந்தது. பழைய கம்பளம் போர்த்தியிருந்தார். அதன் ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் கூடாரத்துக்குள், என் செடித்தொட்டி பாதி புதைந்து நின்றது. குச்சியின் உச்சியில் மூன்று துளிர்கள்.

“தொட்டிக்குக் கீழ கையை வச்சுப் பாருங்கோ, தங்கச்சி.”

வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

“உங்கட மாவுதான்” என்றார்.

திட்டத்தான் ஓடி வந்தேன். அழுகைதான் வந்தது.

போன வருஷம் அண்ணை மகனோடு நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஆல்பனிக்குக் குடிபோய்விட்டார். இந்தக் குளிருக்கும் அலமாரிக்குள் மாவுப் பாத்திரத்தைச் சுவரோரமாகத் தள்ளித்தான் வைக்கிறேன். வாளிக்கு இடம் வேண்டுமே.