தீயணைப்புத் தொட்டியின் ரோகு மீன்கள்

ஒரு வல்லரசை எதைக் கொண்டு அளப்பது என்று அறிஞர்கள் நெடுங்காலமாகத் தடுமாறி வருகிறார்கள். விடை எளிது. அது தன் கட்டடத்தின் குழாயைத் திறந்து பார்க்க எத்தனை நிறுவனங்களை அமர்த்துகிறது என்று பார்த்தால் போதும்.

இந்த அளவுகோலின்படி, புதுக்கடைக்குத் தெற்கே உள்ள ராணுவ முகாம் நாட்டின் பெருமை. முகாம் இருக்குமிடம் ரகசியம். பஸ் கண்டக்டர்கள் அந்த ரகசியத்தை மதித்து, "மிலிட்டரி எறங்கு, மிலிட்டரி எறங்கு" என்று மட்டுமே கூவுவார்கள். முகாமின் ஜெனரேட்டர், குளிரூட்டி, தீ அபாய மணி, தீயணைப்புப் பம்ப் ஆகியவற்றை ஆய்வு செய்து 'தரம் உயர்த்த' மேலிடம் ஹைதராபாத் நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. ஹைதராபாத், சென்னையில் ஒரு நிறுவனத்தை அமர்த்தியது. சென்னை, தக்கலை சத்தியநேசனின் நிறுவனத்தை அமர்த்தியது. சத்தியநேசன் பெபிஷாவை அனுப்பினார். பெபிஷாவுக்குக் கீழே யாருமில்லை. எனவே ஆய்வை அவள் செய்ய வேண்டியதாயிற்று.

பெபிஷா மின்பொறியியல் படித்தவள். ஒரு வாக்கியத்தை வெளியே சொல்வதற்குமுன் மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பாள். அதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். வேலையில் சேர்ந்த நாள் முதல் அவள் 'தற்காலிகம்'. இந்த ஆய்வு குறையொன்றும் இல்லாமல் முடிந்தால் நிரந்தரம் என்று சத்தியநேசன் சொல்லியிருந்தார். கிறிஸ்மஸுக்குள் நிரந்தரமாகாவிட்டால் மஸ்கட் மாப்பிள்ளை பெனிஷ் என்று அப்பா சொல்லியிருந்தார். பெனிஷ் நல்லவன்தான். ஆனால் போனில் பேசிய முதல் நாள் முழுக்கத் தன் பிளாட்டின் ஏ.சி.யைப் பற்றியே பேசினான். ஏ.சி.யைப் பற்றிப் பேசிச் சம்பளமாவது வாங்கலாம் என்பது பெபிஷாவின் எண்ணம்.

ஜெனரேட்டர் ஓடியது. அபாய மணி ஒலித்தது. பிறகு ஹவில்தார் கிருஷ்ணமணி அவளைத் தீயணைப்புத் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் அந்தப் பக்கத்துக்காரர். தொட்டியருகே போனதும் குரலைத் தாழ்த்தினார், கோயிலுக்குள் நுழைந்ததுபோல.

தொட்டி நிறைய ரோகு மீன்கள்.

முகாமின் தலைவர் கர்னல் பட்டாச்சார்யா வங்காளி. ஆற்று மீனும் குளத்து மீனும் தவிர வேறு மீனை அவர் மீனாகவே ஏற்பதில்லை. கூப்பிடு தூரத்தில் கடல். குளச்சலில் படகு படகாகச் சாளையும் நெத்திலியும் சீலாவும் வந்து இறங்குகின்றன. அவர் மூக்கைச் சுளித்தார். முகாமில் நல்ல தண்ணீர் நிறைந்திருந்த பெரிய இடம் தீயணைப்புத் தொட்டி ஒன்றுதான்.

"நல்ல மனுசன் மக்ளே, ஒரு குறையும் சொல்லப்பிடாது," என்றார் கிருஷ்ணமணி. "ஆனா கடலப் பாத்து உக்காந்துகிட்டு குளத்து மீனு கேக்காரு பாத்தியா, அதான் மனசு தாங்கல்ல."

பம்பை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள் பெபிஷா. கிருஷ்ணமணி நெஞ்சில் கைவைத்தார். பம்ப் ஓடினால் மீன் உள்ளே போகும். மீன் போனால் கர்னலின் மதியச் சாப்பாடு போகும். அதனால் மீன் வந்த நாளிலிருந்து பம்புக்கு ஓய்வு.

தக்கலைக்குத் திரும்பி அவள் இதைச் சொன்னபோது சத்தியநேசன் பொறுமையாகக் கேட்டார். அவர் திருச்சபைக் கமிட்டியில் பல வருடம் இருந்தவர். எந்தச் சிக்கலையும் தொடாமலே தீர்க்கத் தெரிந்தவர்.

"மீனு உயிரோட கெடக்கா?"

"கெடக்கு சார்."

"அப்ப தண்ணி இருக்கு. தண்ணி இருந்தா பம்பு ஓடும். நீ சயின்ஸ் படிச்ச பிள்ளதானே, இதுக்கு என்னத்துக்கு சுச்சு போட்டுப் பாக்கணும்?"

இவ்வாறாக 'உயிரியல் முறை நீர் ஆய்வு' பிறந்தது. மின்சாரச் செலவு இல்லை, சத்தம் இல்லை. சென்னை இதை முன்னோடி முயற்சி என்றது. ஹைதராபாத் படம் கேட்டு வாங்கியது. ஆய்வு முடிந்ததால் தர உயர்வு தொடங்கியது. தொட்டிக்குக் காற்றுக் குமிழி விடும் இயந்திரம் வந்தது. நேரத்துக்கு இரை தூவும் பெட்டி வந்தது. நீல விளக்கு வந்தது. கடைசியாக, பம்ப் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில், மீன்களின் உயிர்ப் பாதுகாப்பு கருதி, கொசுவலை போன்ற மெல்லிய வலை ஒன்று இறுகக் கட்டப்பட்டது.

சில வாரம் கழித்துப் பெபிஷா வலையைத் தொட்டுப் பார்த்தாள். பாசி அதன்மேல் கம்பளிபோலப் படர்ந்திருந்தது. காற்றுகூட நுழையாது. முகாமில் தூங்கும் கட்டடம் மூன்று மாடி. தீப்பிடித்தால் இந்தத் தண்ணீர்தான். அன்று முழுக்க ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

ஒப்படைப்பு விழா காலை வெயிலில் நடந்தது. பந்தல் போட்டு, பானை பானையாக மோர் வைத்திருந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து ஒருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் கோட்டுடன் வந்து வியர்த்தார்கள். சத்தியநேசன் ஜெபம் பண்ணித் தொடங்கி வைத்தார். நாட்டின் எல்லைகளையும், இந்த முகாமையும், தொட்டியில் நீந்தும் ஜீவன்களையும் கர்த்தர் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அவரவருக்கு எது முக்கியமோ அதற்கு ஆமென் சொன்னார்கள்.

எல்லாம் ஓடுகிறதா என்று கர்னல் கேட்டார். இது வழக்கமான கேள்வி. இதற்கு ஆமாம் என்பது வழக்கமான பதில். ஹைதராபாத் ஆமாம் என்றது. சென்னை ஆமாம் என்றது. சத்தியநேசன் வாய் திறக்குமுன் பெபிஷாவின் வாக்கியம் வெளியே வந்துவிட்டது. குழாயின் வாயில் வலை அடைத்திருக்கிறது, பம்ப் ஓடினாலும் தண்ணீர் வராது என்று ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள்.

சத்தியநேசன் அன்பாகச் சிரித்தார். பிள்ளை டெம்பரரி என்றும், டெம்பரரி ஆட்கள் சொல்வதைக் கம்பெனியின் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் கர்னலிடம் விளக்கினார். கர்னல் தலையசைத்தார். உண்மைக்கும் பதவி வேண்டும் என்பதைப் படையில் இருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

சமையற்கூடத்தில் அப்போது விருந்தாளிகளுக்கு ரோகு பொரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் சட்டியை மீறிப் பற்றியது. பக்கத்து ஜன்னல் திரைக்கும் தாவியது.

இதன்பின் நடந்தவை, ஆய்வுக்குக் கிடைத்த நற்சான்று என்றே சொல்ல வேண்டும். அபாய மணி கச்சிதமாக அலறியது. ஜவான்கள் வரிசை கலையாமல் வந்தார்கள், குழாயை விரித்தார்கள், முனையைத் திரைக்கு நேராகப் பிடித்தார்கள். பெபிஷா ஓடிப்போய்ப் பம்பின் சுவிட்சைப் போட்டாள். பம்ப் கம்பீரமாக உறுமியது. எல்லோரும் குழாயின் முனையைப் பார்த்தார்கள். அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் சிறிதளவு பாசியும் வந்தன. தொட்டியில் மீன்கள் நீல விளக்கில் பத்திரமாக நீந்தின.

கிருஷ்ணமணி ஒரு பெரிய மூடியால் சட்டியை மூடினார். ஜவான்கள் மோர்ப் பானைகளைத் தூக்கித் திரைமேல் கவிழ்த்தார்கள். தீ அணைந்தது. கறிவேப்பிலை மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. கருகிய ரோகுவைத் தின்ற ஹைதராபாத்காரர், புகையில் வாட்டும் இந்த வங்காள முறை அருமை என்றார்.

மறுநாள் மேலிடம் யார் பொறுப்பு என்று கேட்டது. ஹைதராபாத் அந்தக் கேள்வியைச் சென்னைக்கு அனுப்பியது. சென்னை தக்கலைக்கு அனுப்பியது. அந்த முகாமைப் பொறுத்தவரை எந்த அடைப்பும் இல்லாமல் பாய்ந்தது பொறுப்பு ஒன்றுதான்.

சத்தியநேசன் பெபிஷாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இதுவரை அவள் அந்த அறையில் உட்கார்ந்ததில்லை. தட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரம் இருந்தது.

"எடுத்துத் தின்னு மக்ளே. ஒனக்கு ஒரு சந்தோசச் செய்தி. நீ பெர்மனெண்ட் ஆயிட்ட."

பெபிஷாவுக்குக் கண் நிறைந்தது. மஸ்கட் ஒரு கணத்தில் வெகுதூரம் போயிற்று.

"இன்னைக்கிலேருந்தா சார்?"

"போன மாசம் ஒண்ணாந் தேதியிலேருந்து. விசாரணைக்கு டெம்பரரி ஆள அனுப்ப முடியாது பாத்தியா. பொறுப்புள்ள ஒரு பெர்மனெண்ட் ஸ்டாப் பேரு கேட்டாவ. ஒன் பேர மேல குடுத்தாச்சு, அவியளும் சரின்னுட்டாவ. பயப்படாத, நாங்க ஒனக்காக ஜெபிப்போம்."

பெபிஷா முந்திரிக்கொத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள். மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை தேவைப்படவில்லை.

"அப்ப நேத்து நான் கர்னல் சாருகிட்ட பம்புல தண்ணி வராதுன்னு சொன்னது பெர்மனெண்ட் ஸ்டாப் சொன்னதுதானே சார்? கம்பெனி சொன்ன மாதிரிதானே?"

சத்தியநேசனின் வாயில் இருந்த முந்திரிக்கொத்து அங்கேயே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தீப்பிடிக்குமுன்பே நிறுவனம் எச்சரித்துவிட்டது, அந்த எச்சரிக்கையைக் கர்னல் முன் தானே மறுத்தும்விட்டது. அவர் மெதுவாகப் போனை எடுத்துச் சென்னையைக் கூப்பிட்டார். சென்னை ஹைதராபாத்தைக் கூப்பிட்டது. ஹைதராபாத் மேலிடத்தைக் கூப்பிட்டது. பொறுப்பு முதன்முறையாக, பம்ப் எதுவும் இல்லாமலே, கீழிருந்து மேலே ஏறியது.

சாயங்காலம் முடிவு வந்தது. முகாமில் தீ விபத்து ஏதும் நடக்கவில்லை. நடந்தது தீயணைப்பு ஒத்திகை. எனவே விசாரணை தேவையில்லை.

மேலே கொடுத்த பெயரைத் திரும்ப வாங்க வழியில்லாததால் பெபிஷா நிரந்தரமாகவே இருந்தாள். நிரந்தர ஊழியர் என்ற முறையில் அவள் செய்த முதல் வேலை, கிருஷ்ணமணியிடம் கத்தி வாங்கி வலையை அறுத்தது. பம்பைப் போட்டாள். தண்ணீர் மூன்றாம் மாடியைத் தாண்டி எழுந்தது. இரண்டு ரோகுகள் அணிவகுப்பு மைதானத்தில் வந்து விழுந்தன. கர்னல் இரண்டையும் தானே பொறுக்கிக்கொண்டு போனார்.

ஒத்திகையின் வெற்றியைப் பாராட்டி நிறுவனங்கள் மூன்றுக்கும் வேறொரு முகாம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அங்கேயும் உயிரியல் முறையில்தான் ஆய்வு. வலைகூடப் புதிதாக வாங்கிவிட்டார்கள். இங்குள்ளதைவிட அது பெரிய முகாம். தொட்டியும் பெரிது. இரவில் விளக்கணைத்து, தண்ணீர் வரும் என்று நம்பித் தூங்குகிறவர்களும் அங்கே அதிகம்.