கணேசமூர்த்தி கிரிக்கெட் விளையாடுவதில்லை

நோர்வூட்,
வியாழக்கிழமை.

பெருமதிப்புக்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, நோர்வூட் பஜாரில் முப்பத்தோரு வருடமாக இரும்புக்கடை வைத்திருக்கும் கணேசமூர்த்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே மூன்று நாளாக விடாத மழை; மற்றபடி நலம். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. முழங்காலில் வாதம். நான் கிரிக்கெட் விளையாடுவதில்லை. எந்தக் காலத்திலும் விளையாடியதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு தாங்கள் மேலே படிக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கிரிக்கெட் தொடர் ஜனவரியில் தொடங்கியது. முதல் வாரமே தங்கள் பத்திரிகையில் 'கணேசமூர்த்தி ஓட்டமெதுவும் பெறாமல் ஆட்டமிழந்தார்' என்று வந்தது. அதை நான் படிக்கவில்லை. எதிர்ப்பக்கம் புடவைக்கடை வைத்திருக்கும் இஸ்ஸதீன் நானா படித்தார். படித்ததோடு விடாமல், பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே, "மொதலாளி, நேத்து சைபருக்கு அவுட்டாகிட்டீங்களாமே" என்று விசாரித்தார். ஆட்டமிழந்தது என் மகன் கோகுலராஜ். இதில் என் தவறும் உண்டு, மறைக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஒரே எழுத்தாக, பக்கத்தில் ஒரு புள்ளியோடு அடக்கமாக நிற்கும். கெம்பஸ் விண்ணப்பத்திலோ 'கடைசிப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. பிள்ளைக்கு இருப்பதே ஒரு பெயர், அதை முதல் கட்டத்தில் எழுதியாகிவிட்டது. வெறுமனே விட்டால் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்து என் பெயரை எழுதினேன். அடுத்த வருடம் மகள் கேஷிகாவுக்கும் அப்படியே நிரப்பினேன். அன்றிலிருந்து என் பிள்ளைகள் என்ன செய்தாலும் செய்தது நான்தான்.

பெப்ரவரியில் நான் இலகுவான இரண்டு பிடிகளைத் தவறவிட்டேன். அந்த வாரம் பெயின்ட் வாங்க வந்த அழகுமுத்து மாஸ்டர், மேல் தட்டிலிருந்து டின்னை இறக்கப் போன என்னைத் தடுத்துத் தானே ஏணியில் ஏறினார். கீழே நின்று பிடிக்கவும் என்னை விடவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். வேடிக்கை பேசத் தெரியாத மனிதர். அது அடங்குமுன் 'கணேசமூர்த்தி தொடையில் காயம். மைதானத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்டார்' என்று தலைப்புப் போட்டீர்கள். என் மனைவி யோகேஸ்வரியின் அண்ணன் குடும்பம் வலப்பனையிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி, ஒரு பை தோடம்பழத்தோடு வந்து இறங்கியது. அப்போது நான் கடை வாசலில் நின்று வடை தின்றுகொண்டிருந்தேன். என்னை நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தேன். அவர்கள் முகத்தில் சந்தோஷத்தைவிட ஏமாற்றமே அதிகம் தெரிந்தது. வந்ததுதான் வந்தோம் என்று நான்கு நாள் தங்கினார்கள். தோடம்பழத்தையும் அவர்களே உரித்துத் தின்றார்கள். உண்மையில் காயம்பட்ட மகனைப் பற்றிக் கவலைப்பட எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

மார்ச்சில் வந்த செய்தி வேறு விதம். 'கணேசமூர்த்தியின் சுழலில் எதிரணி சுருண்டது, ஐந்து விக்கெட்டுகள்.' சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. தொடைக் காயத்தோடு ஐந்து விக்கெட் எடுத்த பிள்ளையைப் பெற்றவன் நோர்வூட்டில் வேறு யார்? செய்தியைக் கத்தரித்துக் கண்ணாடி அலுமாரியில் ஒட்டினேன். இடம் போதாததால் மேல் வரியை வெட்ட வேண்டியிருந்தது. பஜார் முழுவதும் லட்டு கொடுத்தேன். இஸ்ஸதீன் நானா இரண்டு எடுத்துக்கொண்டு, பந்து எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். பின்னேரம் மகனுக்குப் போன் செய்தேன். "நான் இன்னும் நொண்டிக்கிட்டுத்தான் இருக்கேன்ப்பா. அது தங்கச்சி" என்றான். குப்பைக் கூடையைக் கவிழ்த்து, வெட்டிய வரியைத் தேடி எடுத்தேன். 'மகளிர் பிரிவு' என்று இருந்தது.

மகள் பின்னேரங்களில் நூலகத்தில் இருக்கிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். யோகேஸ்வரிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஹட்டனுக்குப் போய் விளையாட்டுச் சப்பாத்துப் பார்த்து எடுத்து அனுப்பியவளே அவள்தான். என்னிடம் சொன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால் சொல்லவில்லையாம். நான் ஊருக்கு லட்டே கொடுத்துவிட்டேன். கல்யாணம் பேச வேண்டிய வயதில் ஒரு பெண் வெயிலில் ஓடி விழுந்து எழும்புவது, அதுவும் என் பெயரில் எழும்புவது, எனக்குப் பொறுக்கவில்லை. மகளைப் போனில் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். இறுதிப் போட்டிக்கும் போகக் கூடாது என்றேன். "எம் பேர கிரவுண்டுல உருள விடாத" என்றும் சொன்னேன்.

"சரிப்பா. ஃபைனல் மட்டும் ஆடிட்டு விட்டுர்றேன். அதுலயும் ஒங்க பேரு வராம பாத்துக்கிறேன்" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு நாள் யோகேஸ்வரி எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. நான் செய்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆகவே ஐயா, இன்று முதல் தங்கள் பத்திரிகையில் ஆண்கள் பிரிவிலோ மகளிர் பிரிவிலோ கணேசமூர்த்தி என்பவர் ஓட்டம் பெறவும் வேண்டாம், ஆட்டமிழக்கவும் வேண்டாம், யாரும் அவரைத் தூக்கிச் செல்லவும் வேண்டாம். வருகிற சனிக்கிழமை கண்டியில் மகளிர் இறுதிப் போட்டி. நான் போகப் போவதில்லை.

தங்களுக்கும், தங்கள் பிள்ளைகுட்டிகளுக்கும், இதை அச்சுக் கோப்பவருக்கும் முருகப் பெருமான் நோய்நொடி இல்லாத வாழ்வைத் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வே. கணேசமூர்த்தி

பின்குறிப்பு, திங்கட்கிழமை: மழையில் தபால் கந்தோர் வரை போக முடியாமல் கடிதம் கடையிலேயே கிடந்துவிட்டது. சனிக்கிழமை ஆணி வாங்கக் கண்டிக்குப் போனேன். ஆணிக்கடை மைதானத்துக்குப் பக்கத்தில் இல்லை, இருந்தாலும் மைதானத்துக்குப் போனேன். கேஷிகா நான்கு விக்கெட் எடுத்தாள். பந்து வலது பக்கம் திரும்புகிறது. ஐயா, நான் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பெரியவர், உங்களுக்கு வேண்டிய பிள்ளையா என்று கேட்டார். "மகே துவ" என்றேன், என் மகள் என்று. என் பெயரைக் கேட்டார், சொன்னேன். கையிலிருந்த அணிப் பட்டியலில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்படியொரு பெயர் இதில் இல்லையே என்றார். இன்று தங்கள் பத்திரிகையிலும் 'கேஷிகா நான்கு விக்கெட்' என்று மட்டும்தான் இருக்கிறது. எந்தக் கேஷிகா? இந்த நாட்டில் எத்தனை கேஷிகா இருக்கிறார்கள்? மேலே எழுதியது எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். என் பெயரை முழுதாகச் சேர்த்து நாளைக்கே திருத்தம் வெளியிட வேண்டும். அடுத்த வருடமும் ஆடச் சொல்லி மகளிடம் கேட்டுவிட்டேன்; "யோசிச்சுச் சொல்றேன்ப்பா" என்கிறாள். அவள் சரி என்று சொல்லும்வரை வாரம் ஒருமுறை திருத்தம் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.